வெட்டி எடுத்த சிரிப்பு

அவளுடைய கணவனைக் கொண்டுவந்த பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கதவு மூடுவதாக இல்லை. கடைசியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேர் தோள் கொடுத்து, மூச்சு வாங்க வாங்கப் படி வழியாகவே மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அவரும் லிஃப்ட் மெக்கானிக்தான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் மக்கர் பண்ணும்போதெல்லாம், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே இறங்கிப்போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். நாற்பத்தைந்தைக்கூடத் தொடாத மனிதர். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தார், நிமிரவே இல்லை. மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

ஹாலில் சோபாவைப் பால்கனிக்குத் தள்ளிவிட்டு, பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்கள். அவருடைய தம்பி வெளிநாட்டில் இருந்தான். விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. "முகத்தையாவது காட்டுங்க" என்று போனில் கதறினான். கூட வேலை பார்த்த ஒரு பையன், உயரத்தால் எல்லாரும் நெட்டை என்று கூப்பிடுகிறவன், தன் போனை டிவி அலமாரி மேல் நிறுத்தி நேரலையில் போட்டு, தம்பிக்கு இணைப்பை அனுப்பினான். அந்த நேரலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து கிடந்தது அவனுக்கே தெரியாது.

அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது, சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தது, பத்தாவது படிக்கும் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து விஷயத்தைச் சொன்னது, எல்லாம் அவள்தான். வீட்டில் பாப்பா என்று கூப்பிடும் அந்தப் பெண் உள் அறையில் தோழிகளோடு கட்டிலில் கிடந்தாள். மாமியார் ஹாலின் அந்தப் பக்கம் யாரோ ஒருத்தியின் மடியில் முகம் புதைத்திருந்தார். அவளுக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. கண் எரிந்ததே தவிர நனையவில்லை.

நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கணவருக்கு அக்கா, இரண்டு தெரு தள்ளி சலவைக்கடை நடத்துகிறவள். தம்பியின் சட்டைக் காலரைப் பெட்டிக்குள் கைவிட்டு நீவிவிட்டு, அவள் காதருகே குனிந்து சொன்னாள்.

"ஊரையே லிஃப்ட்ல ஏத்தினான். அவனைப் படியில தூக்கிட்டு வந்திருக்காங்க பாரு. இப்ப மட்டும் எந்திரிச்சான்னு வை, மொதல்ல என்ன கேப்பான் சொல்லு? 'அளவெடுக்காம பெட்டி வாங்கின அறிவாளி யாருடா?'"

அது அப்படியே அவருடைய குரல். அவர் எரிச்சலில் மூக்கை உறிஞ்சுகிற விதம்கூட அதில் இருந்தது. அவள் சிரித்துவிட்டாள். தோள் குலுங்க, பல் தெரிய, வாய்விட்டுச் சிரித்தாள். நாத்தனாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு போகிற போக்கிலேயே உடைந்தது. அடுத்த நிமிடம் அவள் பெட்டிமேல் விழுந்து, அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அலறினாள். நாத்தனார்தான் அவளைப் பிடித்துத் தூக்கினாள். காலையிலிருந்து அடைத்துக் கிடந்தது அப்போதுதான் திறந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் போன பிறகு, லிஃப்டில் கூட ஏறிய மேல்வீட்டு அம்மா அவளைப் பார்த்ததும் கையிலிருந்த போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். வழக்கமாக மூன்று மாடிக்குள் முப்பது விஷயம் பேசுகிறவர். அன்று மாடி எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா போனை நீட்டினாள். "இதைப் பாரும்மா."

அதில் அவள் முகம். கீழே கண்மூடிய அவர் முகம். அவள் சிரிக்கிறாள். எந்தப் பேச்சும் கேட்கவில்லை. யாரோ ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்திருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில், "கணவன் பெட்டியில், மனைவி கொண்டாட்டத்தில்." நாத்தனாரை ஓரத்தில் வெட்டியிருந்தார்கள். அவளுடைய முழங்கை மட்டும் தெரிந்தது. சிரிப்பு உச்சத்துக்கு வந்த இடத்தில் வீடியோ நின்று, திரும்ப முதலிலிருந்து ஓடியது. மறுபடி சிரித்தாள். மறுபடி.

"நீ சிரிச்சியாம்மா?"

"சிரிச்சேன்."

"ஏன்?"

அவள் சொன்னாள். நாத்தனார் காதில் சொன்னதை, அந்தக் குரலை, பிறகு அழுததை, எல்லாவற்றையும். பாப்பா கேட்டுக்கொண்டே வீடியோவை இன்னொரு தரம் ஓடவிட்டாள். "ஆனா இதுல அத்தையே இல்லையே" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலாகக்கூட இல்லை. கணக்கில் ஏதோ இடிக்கிறதே என்கிற குரல்.

கீழே ஆயிரக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். இவளுக்கு வேறு ஆள் இருக்கும் என்று ஒருத்தர். விஷம் வைத்திருப்பாள், பிரேதப் பரிசோதனை செய்தார்களா என்று ஒருத்தர். பாவம் அந்தப் பெண் குழந்தை, இவளிடமிருந்து காப்பாற்றுங்கள் என்று ஒருத்தர். பலபேர் தங்கள் குடும்பப் படத்தையே முகப்பாக வைத்திருந்தார்கள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, பூங்காவில் நின்றுகொண்டு, நல்ல மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

மறுநாள் நெட்டை வந்தான். கண் சிவந்திருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு, "அக்கா, எல்லாம் என்னாலதான். ஆனா இனிமே பயமில்லை. போன்ல இருந்தது, நெட்ல இருந்தது, மொத்தத்தையும் அழிச்சுட்டேன். எவனாலயும் இனி எடுக்க முடியாது" என்றான்.

"முழு வீடியோவையும் அழிச்சுட்டியா?"

"ஒண்ணு விடாம."

அவள் அழுதது அந்த முழு வீடியோவில்தான் இருந்தது. நாத்தனார் இருந்ததும் அதில்தான். நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு நிற்கிறவனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "உள்ள வாப்பா, தண்ணி குடி" என்றாள்.

அவள் எதற்குச் சிரித்தாள் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி நாத்தனார். அவளைத் தேடிக்கொண்டு சலவைக்கடைக்கு மைக்கோடு ஒருவன் போனான். பின்னால் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். "உங்க தம்பி சாவுல உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?" என்றான். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் வெலவெலத்துப் போய், "எனக்கு ஒண்ணும் தெரியாது, வீடியோ எடுக்காதீங்க, போங்க" என்று கையால் மறைத்தாள். சாயங்காலத்துக்குள் அந்தக் கையும் ஊரெல்லாம் சுற்றியது. "உடன்பிறந்த அக்காவே வாய் திறக்க மறுக்கிறார். மறைப்பது என்ன?"

அவள் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, நீங்கதான என்னைச் சிரிக்க வச்சீங்க. அதை மட்டும் சொன்னாப் போதுமே."

மறுமுனையில் நீராவி இஸ்திரி புஸ் புஸ் என்றது.

"சொன்னா என்னையும் சேர்த்துக் கிழிப்பாங்கம்மா. உன்னை என்ன பாடு படுத்துறாங்கன்னு பாக்குறேன்ல? கொஞ்சம் பொறுத்துக்கோ. இதெல்லாம் ரெண்டு நாள் கூத்து, அதுவா அடங்கிடும்."

அடங்கவில்லை. முகத்தைப் படித்து மனதைச் சொல்வேன் என்கிற ஒருவன் அவள் சிரிப்பை நிறுத்தி நிறுத்தி விளக்கினான். உதட்டின் இடது ஓரம் உயர்வதை வட்டம் போட்டுக் காட்டி, இது சதி நிறைவேறிய திருப்தி என்றான். ஒரு தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து அதை விவாதித்தார்கள். புகார்கள் குவிந்ததால் காவல் நிலையத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மரியாதையானவர். ஆஸ்பத்திரித் தாள்களைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குச் சந்தேகம் ஒண்ணுமில்லைம்மா, வரலைன்னா எங்களைத் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவர் உள்ளே வந்ததை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ எடுத்துப் போட்டார்கள். வெளியே போகும்போது அவர் சொன்னதை யாரும் எடுக்கவில்லை.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குப் பிரேம் பொருத்திப் பார்ப்பது, காதுப் பிடியைச் சூடுகாட்டி வளைப்பது, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்பது. ஒரு முழத் தூரத்தில் முகத்தோடு முகம் வைத்துச் செய்கிற வேலை. ஒருநாள் ஒரு பெரியம்மா புதுக் கண்ணாடி வாங்க வந்தார். அதுவரை "தங்கச்சி, தங்கச்சி" என்று வாய் நிறையக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியை மாட்டிவிட்டு, "இப்ப தெளிவாத் தெரியுதாம்மா?" என்றாள். பெரியம்மா அவளையே பார்த்தார். பார்த்துக்கொண்டே நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"அந்த வீடியோல சிரிச்சது நீதான?"

"அம்மா, அது வந்து..."

"கடையில வேற யாராவது இருந்தா வரச் சொல்லு. இந்தக் கை என் மேல பட வேணாம்."

முதலாளி நல்ல மனிதர். அன்றைக்கே அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு உள்ள லென்ஸ் தேய்க்கிற மெஷினைப் பாத்துக்கம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். பின்கட்டு அறையில் ஜன்னல் கிடையாது. மெஷினில் தண்ணீர் சொட்டும் சத்தமும், கண்ணாடித் தூளின் வாடையும்தான் துணை. அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதுவரைக்கும் லாபம் என்று நினைத்துக்கொண்டாள்.

பாப்பா அவளைத் திட்டவில்லை, சண்டை போடவில்லை. ஒருநாள் காலையில் இருவரும் கிளம்பும்போது கதவைத் திறக்கப் போனவள் நின்று, "அம்மா, வெளிய போறப்ப முகத்தைக் கொஞ்சம் சோகமா வச்சுக்கிறியா? ப்ளீஸ்" என்றாள்.

அவள் வைத்துக்கொண்டாள். லிஃப்டில் இருந்த கண்ணாடியில் அது சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள்.

மாமியார் அவர்களோடுதான் இருந்தார். ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் காலமெல்லாம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ ஆயிரம் பேரை ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பார்த்து, "நான் ஆளைப் பாத்ததுமே எடை போட்ருவேன்" என்று பெருமை அடிப்பவர். மருமகள் என்றால் உயிர். "என் புள்ளைக்குப் பேசத்தான் தெரியும், இவதான் குடும்பம் நடத்துறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பிள்ளை போன பிறகு அவருக்குப் போன்தான் கதி என்றாகிவிட்டது. அது ஒரு வீடியோவை முடித்ததும் இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தது. முகம் படிக்கிறவனின் வீடியோவும் அப்படித்தான் வந்தது. ஆரம்பத்தில், "போடா பொறுக்கி, என் மருமகளைப் பத்தி உனக்கென்னடா தெரியும்?" என்று போனைப் பார்த்துச் சத்தம் போட்டார். இரண்டாவது வாரம் சத்தம் போடவில்லை. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு சாயங்காலம் அவள் டீ போட்டுக்கொண்டு போனாள். மாமியார் வாங்கவில்லை.

"வச்சுரும்மா. நான் அப்புறமா நானே போட்டுக்கிறேன்."

மறுநாளும் அப்படித்தான். டம்ளரை எடுத்து அவரே தேய்த்துத் தேய்த்துக் கழுவி, அவரே அடுப்பருகே நின்று போட்டுக்கொண்டார். சாப்பாட்டையும் பாப்பா சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் தொட்டார். அவள் நாலைந்து நாள் பார்த்தாள். பிறகு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, என்கிட்ட என்ன கேக்கணுமோ வாய்விட்டுக் கேட்டுருங்க."

மாமியார் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார். "அவனுக்கு அன்னிக்குக் காலையில என்ன குடுத்த?"

"உங்களுக்கு என்ன குடுத்தேனோ அதேதான். ஒரே பாத்திரத்துல போட்டது. நீங்களும் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க."

"சாப்பிட்டேன்" என்றார் மாமியார். "அதான் எனக்கும் குழப்பமா இருக்கு."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சொன்னவர் கல்நெஞ்சக்காரி இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் அதே ஹாலில் இருந்தவர். தலையை மட்டும் தூக்கிப் பார்த்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அவர் கேட்காத சிரிப்புக்கு, அவர் மகளையே காட்டிக்கொடுத்துப் பதில் சொல்ல அவள் விரும்பவில்லை. அந்த வாரமே மாமியார் துணிமணிகளை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

விஷயம் உடைந்தது அங்கேதான். சலவைக்கடையில் மகள் சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன்களைப் போட்டுக்கொடுத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்றேன். நான் அங்க இருந்து ஏன் வந்தேன் தெரியுமா? அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்க எனக்குப் பயமா இருக்கு. எனக்கும் ஏதாவது ஆயிட்டா?"

நாத்தனார் மடித்த சட்டையை அப்படியே போட்டுவிட்டாள். "அம்மா, என்ன பேசுற நீ?"

"கட்டின புருசன் செத்துக் கிடக்கறப்ப ஒருத்தி எதுக்குடி சிரிப்பா?"

"நான் சிரிக்க வச்சேம்மா! நான்தான் சொன்னேன், தம்பி மாதிரியே பேசிக் காட்டினேன். அவ மட்டுமா சிரிச்சா? நானும் சிரிச்சேன். என்னை வெட்டிட்டுப் போட்டுட்டாங்க."

அம்மா பட்டனை விட்டார். என்ன சொல்லிச் சிரித்தீர்கள் என்று கேட்டார். மகள் சொன்னாள். அந்த அளவெடுக்காத பெட்டிப் பேச்சைக் கேட்டு, பிள்ளை செத்த பிறகு முதல் தடவையாகக் கிழவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பைப் பார்த்துத் தானே பயந்து, கடை வாசலை, தெருவை, எதிர்க்கடையை எல்லாம் ஒருமுறை பார்த்தார். பிறகு மகளின் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"இதை ஏண்டி இத்தனை நாளா சொல்லல, பாவி?"

"பயம்மா."

அன்றைக்கே நாத்தனார் இஸ்திரி மேஜைமுன் நின்று தன் போனில் பேசிப் பதிவு போட்டாள். தடுமாறித் தடுமாறித்தான் பேசினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் பார்த்தார்கள். தெரியாத ஒருவர், "நல்ல நடிப்பு" என்று எழுதினார். இன்னொருவர், "யார் இது?" என்று கேட்டிருந்தார். முகம் படிக்கிறவன் அதற்குள் வேறோர் ஊரில் பிள்ளையைத் தொலைத்த ஒரு தாயின் முகத்துக்கு வட்டம் போடப் போய்விட்டான்.

நாத்தனார் வீட்டுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே அண்ணி" என்றாள்.

சில வாரம் கழித்து, பின்கட்டு அறைக்கு முதலாளி வந்து, "உன்னைப் பாக்க ஒருத்தங்க வந்திருக்காங்க. உன்கிட்டதான் காட்டுவேன்னு உக்காந்திருக்காங்க" என்றார். வெளியே வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் மாமியார், பையை மடியில் வைத்துக்கொண்டு. கையிலிருந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு பிடி தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் எதிரில் உட்கார்ந்து கண்ணாடியை வாங்கிச் சின்ன திருப்புளியால் முடுக்கத் தொடங்கினாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் அத்தை. கால் வலி தேவலையா?"

"அது கெடக்கு." மாமியார் குரலைத் தாழ்த்தினார். "நான் வீட்டுக்கு வந்துரட்டுமா? மக வீட்ல எனக்கு இருப்பே கொள்ளல."

அவள் முடுக்கி முடித்து, பிடியை மடக்கி விரித்துப் பார்த்தாள்.

"இப்ப வேணாம் அத்தை."

"என் மேல கோபம்."

"கோபம் இருந்தாத் தேவலைன்னு இருக்கு. திட்டியாவது தீத்துருப்பேன்." அவள் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். "உங்க புள்ளைய நெனச்சு அழலாம்னு தனியா உக்காந்தாக்கூட, இப்ப என் முகம் எப்படி இருக்கும்னுதான் மொதல்ல தோணுது. அழுகை நின்னு போயிருது. அன்னிக்கு அழுததோட சரி, அதுக்கப்புறம் அவருக்காக நான் அழவே இல்லை. நீங்க கூட இருந்தா, நீங்க பாக்குறீங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். வீட்லயாவது அது இல்லாம இருந்துக்கறேனே."

மாமியார் தலையை ஆட்டினார். அவள் எழுந்து அவருக்குக் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிவிட்டாள். "அழுத்துதா?" என்றாள். "இல்லை" என்றார் அவர்.

பள்ளி விட்டு வந்த பாப்பா கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். பாட்டியைப் பார்த்ததும் கதவருகேயே நின்றாள். மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாப்பா அம்மாவைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள், பிறகு வந்து அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

"குடு. பஸ் ஏத்தி விடுறேன்."

கடையின் முகப்பு முழுக்கக் கண்ணாடி. எதிரே பேருந்து நிறுத்தம். இருவரும் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. நடுவில் பை இருந்தது. பாட்டி ஒருமுறை எதையோ கேட்டார். பாப்பா சாலையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். பேருந்து வந்து நின்றது. பாட்டி கம்பியைப் பிடித்துச் சிரமப்பட்டு ஏறினார். பாப்பா பையை மேலே எடுத்துக் கொடுத்தாள். கதவு மூடப் போகிற நேரத்தில் அவளும் ஏறிக்கொண்டாள்.

அவள் கடைக்குள்ளேயே நின்று, பேருந்து திரும்பி மறையும்வரை பார்த்திருந்தாள்.